ஏழாம் கட்டிலின் சுவர்

மேகம் தரையிறங்கிக் கிடக்கிற நாளாகப் பார்த்துத்தான் அவர்கள் துனீசியத் தலைநகர் தூனிஸை விட்டுப் புறப்பட்டார்கள். வேறு யாரும் அப்படிப்பட்ட நாளில் மலைப்பாதைக்கு வண்டியை எடுக்கமாட்டார்கள். ஆனால் நௌஃபலும் அவன் மனைவி துர்ஸாஃபும் செய்கிற தொழிலுக்கு வெயில் ஆகாது.

அவர்கள் சுவர்களைப் படம் எடுத்தார்கள். சுவர் மட்டுமல்ல, துருவேறிய தகரம், வெடித்த சேறு, பாசி பிடித்த கல், தேய்ந்த படிக்கட்டு. எதையும் அங்குலம் அங்குலமாக எடுத்து, கணினியில் ஒட்டுத் தெரியாமல் தைத்து, வீடியோ கேம் செய்கிறவர்களுக்குக் கொடுப்பார்கள். கேமில் வரும் வீடும் கோட்டையும் உள்ளுக்குள் வெறும் அட்டைப்பெட்டிதான். மேலே போர்த்துகிற தோல் மட்டும்தான் நிஜம். அந்தத் தோலை உலகத்திலிருந்து உரித்துக் கொடுப்பது இவர்கள் வேலை. வெளிச்சத்தையும் நிழலையும் கேம் செய்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள் என்பதால், எடுக்கிற படத்தில் ஒரு பொட்டு நிழல்கூட விழக்கூடாது. மூடாக்குப் போட்ட பகல்தான் அவர்களுக்கு நல்ல நாள்.

நௌஃபல் அதற்கு முன் பத்து வருஷம் கல்யாணப் படம் எடுத்தவன். மணப்பெண்களின் தாய்மார்களிடம் பட்ட பாடு போதும் போதுமென்று ஆகித்தான் சுவர்களிடம் வந்து சேர்ந்தான். 'என் மூக்கு ஏன் இப்படி இருக்குன்னு எந்தச் சுவரும் என்கிட்ட சண்டைக்கு வந்ததில்ல' என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். படம் எடுப்பது அவன், தைப்பது துர்ஸாஃப். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து பார்க்காத இடிபாடு துனீசியாவில் குறைவு.

இந்த முறை ஒரு வெளிநாட்டு நிறுவனம் பழைய மருத்துவமனைச் சுவர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தது. வடமேற்கு மலையில், தக்கை மரக் காட்டுக்குள், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டிய காசநோய் சானடோரியம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடப்பதாக நௌஃபல் கேள்விப்பட்டு, அனுமதியும் வாங்கிவிட்டான். சாவி வர்தா என்ற பெண்ணிடம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். வாசலில் ஆடுகளுக்கு நடுவே, கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றாள். வண்டியிலிருந்து இறங்கிய பெட்டிகளையும் முக்காலியையும் விளக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இவ்வளவும் சுவத்தப் படம் புடிக்கவா?"

ஆமாம் என்றான் நௌஃபல்.

"எங்க ஊர்ல உசுரோட இருக்கிற எங்களையே எவனும் படம் புடிக்க வந்ததில்ல தம்பி. நான் நாளைக்கே சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டு நிக்கிறேன். என்னயும் புடிப்பியா?"

மூவரும் சிரித்தார்கள். சாவியைக் கொடுத்தபோது, முதல் மூன்று கூடங்களில் மழைக்கு ஆடு கட்டுவதாகவும், புழுக்கை கிடந்தால் மன்னிக்க வேண்டும் என்றும் வர்தா சொன்னாள். கடைசிக் கூடம் சுத்தமாக இருக்கும் என்றாள். அங்கே ஏன் கட்டுவதில்லை என்று துர்ஸாஃப் கேட்டாள்.

"ஆடு போவாது. நானும் போறதில்ல. பயம்னு ஒண்ணும் இல்ல. அங்க எனக்கு வேலை இல்ல, அவ்வளவுதான்."

மதியம் வரைக்கும் வேலை சுமுகமாக நடந்தது. உதிர்ந்த ஓடு, துருவேறிய குழாய், எலும்புபோல் வெளுத்த சன்னல் சட்டம். கடைசிக் கூடத்துக்குள் நுழைந்ததும் நௌஃபல் பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றுவிட்டான்.

அது பெண்கள் கூடமாக இருந்திருக்க வேண்டும். கட்டில்களை எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். நீளமான அறையின் இரு பக்கச் சுவர்களிலும் தோளுயரம் வரை பச்சைச் சுண்ணாம்பு, அதற்கு மேல் வெள்ளை. பச்சையில், தரையிலிருந்து இடுப்புயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒரே சீரான இடைவெளியில் தட்டளவு கறைகள். கட்டில் இருந்த இடத்துக்கு ஒன்றாக, தலையணை இருந்திருக்கக்கூடிய உயரத்தில். ஒவ்வொரு கறையும் நடுவில் மெழுகுபோல் வழவழத்து, ஓரத்தில் மங்கி மறைந்தது.

"இந்தத் தேய்மானத்த எந்த ஓவியனாலயும் போட முடியாது, துர்ஸாஃப்," என்றான் அவன். காதலில் விழுந்தவன் குரல்.

ஏழாம் கட்டிலின் சுவரைத் தேர்ந்தெடுத்தான். மட்டம் பார்க்கும் இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தார்கள். சுவர் மட்டமாக இருந்தது. துர்ஸாஃப் நிறம் சரிபார்க்கும் அட்டையைப் பிடித்துக்கொள்ள, அவன் விரற்கடை விரற்கடையாக நகர்ந்து எடுக்கத் தொடங்கினான். முகம் சுவரிலிருந்து ஒரு முழத்தில். விளக்கு பளிச்சிடும். ஒரு விரற்கடை நகர்வான். மறுபடி பளிச்.

நாற்பதாவது படத்திலோ என்னவோ, கேமராவின் கண்ணாடியில் ஆவி படிந்தது.

துடைத்தான். எடுத்தான். மறுபடி படிந்தது. கறைக்கு நேராக வரும்போது மட்டும், நடுவிலிருந்து வட்டமாக விரிந்து படியும், ஒதுங்கினால் மறையும்.

"சுவரு மூச்சு விடுது," என்று சிரித்தான். ஈரம்தான் என்றாள் துர்ஸாஃப். அவளுக்குப் பின்கழுத்தில் குளிர் ஊர்ந்தது. ஈரக் கம்பளி வாசனையும் காய்ச்சிய பால் வாசனையும் சேர்ந்து வந்தது. பால் வர்தாவின் ஆடுகளுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காய்ச்சிய பால் எப்படி என்று நினைக்கவில்லை.

வாசனைகூடப் பரவாயில்லை. அவன் படம் எடுப்பதை நிறுத்தும்போதெல்லாம் அந்த அறையில் ஒரு அமைதி வந்தது. ஆளில்லாத அறையின் அமைதி அல்ல.

இருமலை அடக்கிக்கொண்டிருக்கிறவரின் அமைதி.

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். முடித்து வெளியே வந்தபோது வர்தா மண் அடுப்பில் சுட்ட ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வைத்துக் காத்திருந்தாள். அந்தக் கறைகள் என்ன என்று நௌஃபல் கேட்டான். அவளுடைய அம்மா அங்கே துணி துவைத்தவளாம். இருமினால் பக்கத்துக் கட்டிலுக்குத் தெறிக்கக் கூடாதென்று, பெண்களைச் சுவரைப் பார்த்தே படுக்க வைப்பார்களாம். இரண்டு வருஷம், மூன்று வருஷம், முடிகிறவரைக்கும்.

"வீட்டாளுங்க பாக்க வர மாட்டாங்களா?" என்றாள் துர்ஸாஃப்.

"காசநோய்க்காரிய, மலையேறி வந்து யாரு பாப்பா?" வர்தா ரொட்டியைப் பிய்த்தாள். "எங்கம்மா சொல்லும் தங்கச்சி. ஒவ்வொருத்தியோட பின்னங்கழுத்தும் அதுக்கு அடையாளம் தெரியும். மூஞ்சி ஒருத்தியோடதும் தெரியாது."

நௌஃபல் அன்று எண்ணெயைத் தொடவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

கேமில் ஒரு சுவர் சுவராகத் தெரிய நிறம் மட்டும் போதாது, மேடு பள்ளமும் வேண்டும். அடுத்தடுத்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒப்பிட்டு, எது புடைத்திருக்கிறது, எது குழிந்திருக்கிறது என்று மென்பொருளே கணக்குப் போட்டுவிடும். நிறத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் திரையில் சாம்பல் நிறக் களிமண்ணில் செய்ததுபோல் சுவர் நிற்கும்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, பக்கத்து வீட்டுச் சமையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, துர்ஸாஃப் ஏழாம் கட்டிலின் சுவரிலிருந்து நிறத்தை நீக்கினாள்.

சுவர் மட்டமாக இல்லை.

கறை இருந்த இடத்தில் ஒரு புடைப்பு. திருப்பிப் பார்த்தாள். நெற்றி. மூக்கின் தண்டு. மூடிய இமைகள். உலர்ந்து பிளந்த உதடுகள். இருபுறமும் விரித்த உள்ளங்கைகள். ஈரத்துணிக்குப் பின்னாலிருந்து ஒருத்தி முகத்தை அழுத்திக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

நௌஃபலைக் கூப்பிட்டுக் காட்டினாள். சுண்ணாம்பு உப்பியிருக்கும் என்றான். சட்டம் வைத்துப் பார்த்தோமே என்றாள். அப்படியானால் ஆவி படிந்த படங்களால் கணக்குத் தப்பியிருக்கும் என்றான். அதுவும் நியாயம்தான். ஆவி படிந்த படங்களையெல்லாம் பொறுக்கி நீக்கிவிட்டு, மீதியை வைத்து மறுபடி கணக்குப் போட விட்டாள். நாற்பது நிமிஷம் ஓடியது. இருவரும் காபி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

முகம் மறுபடியும் வந்தது.

இப்போது கண்கள் திறந்திருந்தன.

துர்ஸாஃப் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். நௌஃபல் எழவில்லை. அவன் முன்னால் குனிந்தான். கல்யாண வீடுகளில் அவன் முகங்களைப் பார்த்த விதம் அவளுக்குத் தெரியும்; எந்தப் பக்கம் திருப்பினால் இந்த முகம் அழகாக இருக்கும் என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வையைத்தான் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கணவன் இன்னொருத்தியைப் பார்க்கிறான் என்ற எண்ணம் ஒரு கணம் வந்து, அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதை அனுப்ப வேண்டாம், வேறு சுவர் கொடுப்போம் என்று கெஞ்சினாள். அவன் தலையாட்டினான். மறுநாள் பார்த்தால் அனுப்பியிருந்தான். புடைப்பைத் தட்டையாக்கிவிட்டு நிறத்தை மட்டும் கொடுத்ததாகச் சொன்னான். முகம் அதில் இல்லை, யாருக்கும் தெரியாது என்றான்.

"பின்ன எதுக்கு அதையே அனுப்பணும்?"

"யாராச்சும் பாக்கட்டுமேன்னுதான்," என்றான்.

*

முதலில் அவன் படுக்கிற பக்கம் மாறியது. ஆறு வருஷமாக அவளைப் பார்த்துப் படுத்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டாள். பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் போய்ப் படுத்துக்கொள்ளத் தொடங்கினான். பட்டப்பகல். வெளியே தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். உள்ளே அவன் முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் சுவரில் பதித்து, மூக்கு சுவரில் படுகிற மாதிரி படுத்திருப்பான்.

உதடு அசையும்.

ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். அவன் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நடுநடுவே நிறுத்திக் கேட்டுக்கொண்டு, பிறகு பதில். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது. மூன்றாம் மாடியில் வெறும் காற்று.

"யார்கிட்ட பேசற?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கேட்டுக்கிட்டே இருக்கா."

"என்ன கேக்கறா?"

"யாராச்சும் பாக்க வந்திருக்காங்களான்னு."

துர்ஸாஃப் இன்னும் குனிந்தாள்.

"நீ என்ன சொன்ன, நௌஃபல்?"

"நான் வந்திருக்கேன்னு சொன்னேன்."

அன்றைக்கு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். திரும்பினான். கண்ணில் பைத்தியம் எதுவும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. முக்கியமான வேலையின் நடுவில் கூப்பிடப்பட்டவன்போல், பொறுமையாக, பிரியமாகப் பார்த்தான்.

"கொஞ்ச நேரம் துர்ஸாஃப். பாவம், அவ தனியா இருக்கா."

"நான் தனியா இல்லையா?"

அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். பிறகு மறுபடி திரும்பிக்கொண்டான்.

மருத்துவரிடம் கூட்டிப்போனாள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நுரையீரல் பளிங்குபோல் இருந்தது. மனத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு இன்னும் நிம்மதியாகச் சுவரைப் பார்த்தான். கட்டிலை இழுத்து அறையின் நடுவில் போட்டாள். எழுந்துபோய் நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டான். சுவரெங்கும் கம்பளம் மாட்டினாள். கம்பளத்துக்குப் பின்னால் போய் நின்றான். கம்பளத்தில் அவன் உருவம் புடைத்துத் தெரிந்தபோது, அவள் எல்லாவற்றையும் தன் கையாலேயே கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அவன் மூச்சுப் பட்ட இடத்தில் படுக்கையறைச் சுவரில் ஒரு கறை உண்டாகியிருந்தது. தட்டளவு. நடுவில் வழவழப்பு.

அதை அவளே அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தாள். எடுக்கக் கூடாது என்று தெரிந்துதான் எடுத்தாள். அவன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டே விளக்கைத் தட்டினாள். கணினியில் போட்டு, நிறத்தை நீக்கினாள்.

இங்கே புடைப்பு இல்லை. பள்ளம்.

நௌஃபலின் நெற்றி, அவனுடைய சற்றே கோணிய மூக்கு, இடது புருவத்து வெட்டுத்தழும்பு எல்லாம் அச்சாகக் குழிந்திருந்தன. திரையில் அளவுகோலை வைத்து ஆழம் பார்த்தாள். முதலில் நாலு விரற்கடை. சாயங்காலம் மறுபடி எடுத்தபோது ஒரு சாண்.

சுவரின் மொத்தக் கனமே ஒரு சாண்தான்.

*

ஏழாம் கட்டிலின் சுவரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று நிறுவனத்துக்கு அவன் பெயரிலேயே எழுதினாள். பணிவாகப் பதில் வந்தது. அவர்களுக்கு வந்ததிலேயே மிக அழகான சுவர் அதுதானாம். கேமில் வரும் மருத்துவமனை முழுக்க, எல்லா நடைபாதைகளிலும் அதைத்தான் பரப்பியிருக்கிறார்களாம். இனி அதை நீக்குவது இயலாத காரியம் என்று வருந்தினார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் அவனை வண்டியில் உட்காரவைத்து மலைக்கு ஓட்டினாள். அன்று நல்ல வெயில். நிழல்கள் கூர்மையாக விழுந்துகொண்டிருந்தன. நௌஃபல் வழியெல்லாம் சன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தபடி வந்தான்; நிறுத்தங்களில் அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தான். மெலிந்துபோயிருந்தான். இருமல் வந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி இருமினான்.

வர்தா அவனைப் பார்த்ததும் கிண்டலுக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். துர்ஸாஃப் நடந்ததைச் சொன்னாள். வர்தா அவளைப் பைத்தியக்காரி என்று சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் வீட்டுக்குள் போய்க் கணவனுடைய கடப்பாரையை எடுத்துவந்தாள்.

"எனக்கு மந்திரம் கிந்திரம் ஒண்ணும் தெரியாது தங்கச்சி. இடிச்சிப் பாப்போம். உள்ள ஒருத்தி இருந்தா வெளிய வந்துட்டுப் போவட்டும்."

அவனைக் கூடத்து வாசலில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பெண்களும் மாறி மாறி இடித்தார்கள். பச்சைச் சுண்ணாம்பு பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளே செங்கல். செங்கல்லை நெம்பினார்கள். ஒரு மணி நேரத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஓட்டைக்கு அப்பால் வெயில், தக்கை மரங்கள், மேய்கிற ஒரு ஆடு.

எலும்பில்லை. மயிரில்லை. ஒன்றுமே இல்லை.

வர்தா வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். துர்ஸாஃப் மூச்சு வாங்கியபடி, "முடிஞ்சுது நௌஃபல்," என்று சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

வாசலில் அவன் இல்லை.

எட்டாம் கட்டில் இருந்த இடத்தில், தரையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கறையில் நெற்றியை வைத்திருந்தான்.

"இவளும் கேக்கறா," என்றான்.

துர்ஸாஃப் அறையைச் சுற்றிப் பார்த்தாள். எண்ண வேண்டாம் என்று நினைக்க நினைக்க, கண் கறைகளை எண்ணியது. இடப்பக்கம், இடித்ததையும் சேர்த்து, பதினொன்று. வலப்பக்கம் பதினொன்று. வெயில் ஓட்டை வழியாக உள்ளே விழுந்து, எதிர்ச்சுவரில் வரிசையாக இருந்த வழவழப்புகளை ஒவ்வொன்றாகப் பளபளக்க வைத்தது. யாரோ ஒருவர் இருமினார். நௌஃபல் இல்லை. வர்தாவும் இல்லை.

பிறகு இன்னொருவர். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து.

வர்தா கடப்பாரையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். துர்ஸாஃபின் தோளைப் பிடித்து நௌஃபலின் பக்கம் தள்ளினாள். இருவருமாக நௌஃபலைக் கைகளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் எதிர்க்கவில்லை. எடையே இல்லாமல் இருந்தான். வாசல் தாண்டும்போது, கிளம்புகிற விருந்தாளி வீட்டுக்காரர்களிடம் சொல்வதுபோல், தலையைத் திருப்பி, திரும்ப வந்துவிடுவேன் என்று சொன்னான்.

*

ஏப்ரலில் நௌஃபலை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுபடி நெஞ்சைப் படம் எடுத்த மருத்துவர், பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்து, பெயர் மாறியிருக்குமோ என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன் பளிங்காக இருந்த நுரையீரல் சல்லடையாகியிருந்தது. பல வருஷம் மருந்தில்லாமல் கிடந்தவருக்குத்தான் இப்படி ஆகும் என்றார். சளியில் கிருமி எதுவும் அகப்படவில்லை.

துர்ஸாஃப் பகலெல்லாம் அவன் பக்கத்தில் இருந்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. செவிலியர் அவனை இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பார்கள். அவர்கள் கதவைத் தாண்டுவதற்குள் அவன் அந்தப் பக்கம் திரும்பியிருப்பான். கடைசியில் அவளே கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளை ஊடுருவிப் பின்னால் பார்த்தான். ஆனாலும் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. இரண்டு நாள் அப்படி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பிற்பகல், தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அந்த ஒரு நிமிஷத்தில் அவன் போய்விட்டான். சுவரில் புதிதாக ஒரு ஈர வட்டம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக் காய்ந்தது.

அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. போய் வந்த அவன் அண்ணன் இஸ்கந்தர், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று, எல்லாம் முறைப்படி நடந்தது என்று சொன்னார். வலப்பக்கமாக ஒருக்களித்து, தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்க்க வைத்தார்களாம். முகம் அமைதியாக இருந்ததாம்.

குழி அகலமா என்று துர்ஸாஃப் கேட்டாள்.

இஸ்கந்தருக்குப் புரியவில்லை. எல்லாக் குழியும்போலத்தான், முகத்துக்கும் மண்சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும் என்றார். அவள் ஏன் அப்படிக் கதறினாள் என்று அவருக்கு இன்று வரைக்கும் தெரியாது.

அந்த வீட்டை அவள் காலி செய்தாள். போகுமுன் ஆளை வைத்துப் படுக்கையறைச் சுவரைச் செங்கல் தெரியச் சுரண்டி, புதிதாகப் பூசி, இரண்டு கை வெள்ளை அடித்தாள். படங்களையெல்லாம் அழித்தாள். கடற்கரைப் பக்கம் நாபுலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நடு அறையில் கட்டில் போட்டுப் படுத்தாள். சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகினாள்.

கோடை முடிகிற சமயத்தில், ஒரு சனிக்கிழமை காலையில், நௌஃபலின் மின்னஞ்சல் கணக்கை மூடிவிடலாம் என்று திறந்தாள். அந்த வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்து கிடந்தது. தொடக்கத்திலிருந்து கடிதப் போக்குவரத்து எல்லாமே அவன் பெயரில்தான். அவனுக்கு மனைவி இருந்ததோ, அவன் இப்போது இல்லையென்பதோ அவர்களுக்குத் தெரியாது.

'அன்புள்ள நௌஃபல்,' என்று தொடங்கியது.

கேம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். வெளியிடுவதற்கு முன் ஆட்களை வைத்து ஆடச் சொல்லிப் பார்த்தபோது, விளங்காத ஒரு பிழை தென்பட்டதாம். ஆடுகிறவர்கள் மருத்துவமனை நடைபாதைக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். சுவரை ஒட்டி நின்று, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் ஒரு மணி நேரம், சிலர் அதற்கும் மேல். கேட்டால் ஏன் நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தில் எந்த ஒலியும் வைக்கப்படவில்லை, சரிபார்த்துவிட்டார்கள். ஆனால் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாக ஆடிய ஐந்து பேர், ஓர் ஆண் குரல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகக் குறித்திருக்கிறார்கள். ஐவருக்கும் துனீசியாவைப் பற்றியோ அதன் மொழியைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. காதில் விழுந்தபடியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசி வரியை அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

'துர்ஸாஃப் என்ற சொல்லுக்கு உங்கள் மொழியில் என்ன பொருள் என்று தெரிவிக்க முடியுமா?'